போடாத கையெழுத்தும் போட்ட கையெழுத்தும்

1946 பிப்ரவரி நடுவில் பிலடெல்பியாவிலிருந்து வந்த ஒரு செய்தி அமெரிக்கப் பத்திரிகைகளின் முதல் பக்கத்தைப் பிடித்தது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் மூர் மின்பொறியியல் கல்லூரியில் ஒரு பெரிய அறை. சுவரை ஒட்டி வளைந்து நின்ற 40 அலமாரிகள். அவற்றுக்குள் 17,000-க்கும் மேற்பட்ட வால்வுகள். மொத்த எடை சுமார் 30 டன். பெயர் எனியாக். பீரங்கிக் குண்டு எங்கே போய் விழும் என்று கணக்குப் போட ராணுவம் பணம் கொடுத்துச் செய்யச் சொன்ன இயந்திரம் அது. செய்து முடிப்பதற்குள் போரே முடிந்துவிட்டது. அதை வடிவமைத்தவர்களில் முதன்மையானவர்கள் இருவர்: 38 வயது ஜான் மாக்லி, 26 வயது பிரெஸ்பர் எக்கர்ட். செய்தி வெளியாகி சுமார் ஆறு வாரத்தில் அந்த இருவருக்கும் அந்தக் கல்லூரியில் வேலை இல்லாமல் போனது.

காரணம் ஒரு காகிதம். இங்கே வேலை பார்க்கும் காலத்தில் நீங்கள் கண்டுபிடிப்பவற்றின் காப்புரிமை பல்கலைக்கழகத்துக்கே சேரும் என்று எழுதிக் கையெழுத்துக் கேட்டார்கள். இருவரும் போடவில்லை. மார்ச் 22 அன்று டீன் ஹெரால்ட் பெண்டரின் கடிதம் வந்தது. சாரம் இதுதான்: ஒப்புக்கொள்ளுங்கள், இல்லையென்றால் இடத்தைக் காலி செய்யுங்கள். மாதக் கடைசியில் இருவரும் வெளியே வந்துவிட்டார்கள். அதை ராஜினாமா என்று எழுதுகிறவர்களும் உண்டு, வேலையை விட்டு எடுத்தார்கள் என்று எழுதுகிறவர்களும் உண்டு. போடு, இல்லையேல் கிளம்பு என்று சொன்ன பிறகு ஒருவர் எழுதித் தருவதற்கு எந்தப் பெயர் வைத்தால் என்ன?

இந்தச் சண்டையில் கவனிக்க வேண்டியது, காகிதம் எப்போது நீட்டப்பட்டது என்பது. ராணுவத்துடன் ஒப்பந்தம் போட்டு வேலை தொடங்கியது 1943-ல். அப்போது யாரும் இவர்களிடம் எந்தக் கையெழுத்தும் வாங்கிவைத்துக்கொள்ளவில்லை. காப்புரிமை விஷயத்தில் உறுதியான ஒரு விதியே அந்தப் பல்கலைக்கழகத்திடம் இல்லை. வேலை நடந்துகொண்டிருக்கும்போதே இருவரும் போய்ப் பேச, 1945-ல் பல்கலைக்கழகத் தலைவர் ஜார்ஜ் மெக்கிளெலண்ட் கடிதம் கொடுத்தார்: எனியாக் கண்டுபிடிப்புகளின் உரிமை உங்களுக்கே, அரசும் லாப நோக்கமில்லாத நிறுவனங்களும் பயன்படுத்திக்கொள்ள மட்டும் வழி விடுங்கள். ஒரு தொழிலாளி முதலாளியிடம் தன் மூளையில் உதித்ததை எழுதி வாங்கிக்கொண்ட அபூர்வமான கடிதம் அது. மறு ஆண்டே கடற்படைப் பணியிலிருந்து இர்வென் டிராவிஸ் திரும்பி வந்தார். ஆராய்ச்சிப் பொறுப்பு அவர் கைக்கு வந்தது. பழையதைப் பற்றி இல்லை, இனிமேல் கண்டுபிடிப்பது எல்லாம் பல்கலைக்கழகத்துக்கு என்று எழுதிக் கொடுத்தால்தான் இங்கே இருக்கலாம் என்றார் அவர்.

டிராவிஸ் பக்கம் நியாயமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். கல்லூரியின் சம்பளத்தில், கல்லூரியின் கட்டடத்தில், அரசுப் பணத்தில் அடுத்த இயந்திரமான எட்வாக்குக்கான வேலை நடந்துகொண்டிருந்தது. அதைச் செய்பவர்கள் மனத்துக்குள் ஒரு கம்பெனியும் ஓடிக்கொண்டிருந்தது. நாளைக்கு அரசிடம் இன்னொரு ஒப்பந்தம் போடும்போது இதன் உரிமை யாருடையது என்று கேட்டால் பல்கலைக்கழகம் என்ன பதில் சொல்லும்? நிர்வாகி என்ற முறையில் அவர் கவலை சரியானதே. தேர்ந்தெடுத்த நேரம்தான் படு மோசம். உலகத்தில் இந்தக் கலை தெரிந்த மிகச் சிலரில் முதல் இருவரை, அது உலகத்துக்குத் தெரியவந்த மறு மாதமே அனுப்பிவைத்தார்கள்.

போனவர்கள் அவர்கள் மட்டும் இல்லை. எட்வாக் திட்டத்தின் அறிக்கையை 1945 ஜூனில் தன் பெயரில் எழுதிய கணித மேதை ஜான் வான் நியூமனைச் சுற்றி பிரின்ஸ்டனில் தனி அணி திரண்டது. ராணுவத் தரப்பிலிருந்து எனியாக்கைக் கவனித்துக்கொண்ட ஹெர்மன் கோல்ட்ஸ்டைன், வடிவமைப்பில் பங்கெடுத்த ஆர்தர் பர்க்ஸ் இருவரும் அங்கே போனார்கள். 1946 கோடையில் மூர் கல்லூரி கணினி கட்டுவது எப்படி என்று ஒரு பெரிய பாடவரிசை நடத்தியது. வேடிக்கை என்னவென்றால், அதில் பாடம் எடுக்க வெளியே அனுப்பிய எக்கர்ட்டையும் மாக்லியையும்தான் மறுபடி கூப்பிட வேண்டியிருந்தது. கேம்பிரிட்ஜிலிருந்து கப்பலேறி, தாமதமாக வந்து, அந்த வகுப்பில் உட்கார்ந்த மாரிஸ் வில்க்ஸ் ஊர் திரும்பி 1949 மே மாதத்தில் எட்சாக்கை ஓட்டிக்காட்டினார். மூர் கல்லூரியின் எட்வாக் வேலை செய்யத் தொடங்கியபோது 1951 ஆகிவிட்டது. கணினி பிறந்த வீட்டில் அதை வளர்க்க ஆள் இல்லை.

வெளியே வந்தவர்களும் சுகப்பட்டார்கள் என்று சொல்ல முடியாது. எக்கர்ட்டுக்கு ஐபிஎம் வேலை தர முன்வந்தது, அவர் போகவில்லை. பிலடெல்பியாவின் வால்நட் தெருவில் ஒரு கடையின் மாடியைப் பிடித்து இருவரும் கம்பெனி ஆரம்பித்தார்கள். எனியாக்கின் முதல் நிரலர்களான ஆறு பெண்களில் ஜீன் பார்டிக்கும் பெட்டி ஹோல்பர்டனும் பின்னால் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறைக்கு யூனிவாக் செய்து தருவதாக ஒப்புக்கொண்டு, செலவைக் குறைத்து மதிப்பிட்டு, கடனில் தவித்தார்கள். பணம் போட்டுத் தாங்கிய அமெரிக்கன் டோட்டலிசேட்டர் நிறுவனத்தின் ஹென்றி ஸ்ட்ராஸ் 1949-ல் விமான விபத்தில் இறந்தார். 1950 பிப்ரவரியில் கம்பெனியை ரெமிங்டன் ராண்டுக்கு விற்றுவிட்டு, தாங்கள் நிறுவிய கம்பெனியிலேயே இருவரும் சம்பளக்காரர்கள் ஆனார்கள். காப்புரிமையும் கம்பெனியோடு சேர்ந்து போனது. எந்தக் கையெழுத்தைப் போட மாட்டோம் என்று வெளியே வந்தார்களோ அதே கையெழுத்தை நான்கு வருடத்தில் போட்டார்கள். ஆனால் இந்த முறை விலை பேசிவிட்டுப் போட்டார்கள். அந்த வித்தியாசம் சின்னது இல்லை.

அந்தக் காப்புரிமையின் கதி தெரிந்தால் இருதரப்புக்குமே சிரிப்பு வரும். எனியாக் விண்ணப்பம் பதிவானது 1947 ஜூன் 26. காப்புரிமை கிடைத்தது 1964-ல். பிறகு ரெமிங்டனை விழுங்கிய ஸ்பெரி ராண்ட் நிறுவனம் மற்ற கணினிக் கம்பெனிகளிடம் பணம் கேட்க, ஹனிவெல் வழக்குப் போட்டது. மினியாபொலிஸ் நீதிபதி ஏர்ல் லார்சன் 1973 அக்டோபர் 19 அன்று காப்புரிமை செல்லாது என்று தீர்ப்புச் சொன்னார். அயோவாவின் ஜான் அட்டனசாஃபை மாக்லி 1941-லேயே போய்ப் பார்த்து, அவர் செய்த இயந்திரத்தை அறிந்திருந்தது ஒரு காரணம். இயந்திரம் பொதுவில் பயன்பாட்டுக்கு வந்து ஓராண்டுக்கு மேல் கழித்து விண்ணப்பித்தது இன்னொன்று. வான் நியூமனின் அறிக்கை முன்பே கைமாறிப் பரவியதும் கணக்கில் வந்தது. மறுநாள்தான் நிக்சன் வாட்டர்கேட் விசாரணை அதிகாரியை நீக்கி அமெரிக்காவையே அதிரவைத்தார். கணினி யாருக்கும் சொந்தமில்லை என்ற தீர்ப்பை யாரும் படிக்கவில்லை.

இது அன்றைய கதை. இரண்டு பேருக்கு ஒரு தருணம் கிடைத்தது. காகிதத்தைக் கையில் வாங்கினார்கள், தாங்கள் செய்த பொருள் கண்ணெதிரே நிற்கிறது, அதன் மதிப்பு தெரியும், யோசித்தார்கள், மாட்டோம் என்றார்கள். அடுத்த எண்பது ஆண்டுகளில் நிறுவனங்கள் செய்த வேலை இந்தத் தருணத்தை இல்லாமல் ஆக்கியதுதான்.

அதற்கான வழி ஏற்கெனவே தயாராக இருந்தது. பெல் ஆய்வகத்தில் வேலைக்குச் சேரும்போதே எதிர்காலக் கண்டுபிடிப்புகளை எழுதி வாங்கிவிடுவார்கள். ஒப்பந்தம் செல்ல வேண்டுமென்றால் பதிலுக்கு ஏதாவது, அதாவது பிரதிபலன், கொடுக்க வேண்டுமே, அதற்காக ஒரு டாலர் கொடுப்பார்கள். டிரான்சிஸ்டர் பிறந்த இடத்தில் நடந்த வழக்கம் இது. போருக்குப் பிறகு பெரிய கம்பெனிகள் எல்லாம் அதே வழிக்கு வந்தன. காகிதத்தைக் கண்டுபிடிப்புக்குப் பின்னால் நீட்டினால்தானே எக்கர்ட்டும் மாக்லியும் கிளம்பினார்கள்? முன்னால் நீட்டிவிட்டால் சிக்கல் இல்லை. கையில் எதுவும் இல்லாதவன் எதை விட்டுக்கொடுக்கிறோம் என்று தெரியாமல் போட்டுவிடுவான்.

இதைப் புரிந்துகொண்டு முன்கூட்டியே தப்பித்தவர் ஒருவர் உண்டு. ரிச்சர்ட் ஸ்டால்மன் 1984 ஜனவரியில் எம்.ஐ.டி. வேலையை விட்டார். தான் எழுதப்போகும் ஜிஎன்யூ என்ற கட்டற்ற மென்பொருள் தொகுப்புக்குப் பல்கலைக்கழகம் சொந்தம் கொண்டாடக் கூடாது என்பதே காரணம். ஆய்வகத்தின் தலைவர் பேட்ரிக் வின்ஸ்டன் பெருந்தன்மையாக, வேலை இல்லாவிட்டாலும் இங்கேயே உட்கார்ந்து வேலை செய் என்று விட்டுவிட்டார். இன்று உலகத்தின் சர்வர்கள் பெரும்பாலும் ஓடும் லினக்ஸ் அமைப்புகளுக்கு அடியில் அந்த ராஜினாமா இருக்கிறது. ஆனால் அதே ஸ்டால்மன் நிறுவிய அமைப்பு, ஜிஎன்யூவின் முக்கியமான பல மென்பொருள்களுக்கு நிரல் எழுதித் தர வருபவரிடம் பதிப்புரிமையை எழுதிக் கொடு என்று கேட்டு வந்திருக்கிறது. உன் முதலாளி இதில் உரிமை கொண்டாட மாட்டேன் என்று கையெழுத்துப் போட்ட கடிதமும் வேண்டும் என்கிறது. காகிதத்திலிருந்து தப்பிக்கவும் இரண்டு காகிதம் வேண்டியிருக்கிறது.

தப்பிக்காதவர்களுக்கு என்ன ஆனது என்பதை டெக்சஸில் நடந்த ஒரு வழக்கு சொல்லும். டிஎஸ்சி என்ற தொலைத்தொடர்புக் கம்பெனியில் 1987-ல் சேர்ந்த நிரலர் ஒருவர் வழக்கமான ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருந்தார். பழைய இயந்திர மொழி நிரலை உயர்நிலை மொழிக்கு மாற்றித் தரும் வழி ஒன்று அவர் மூளையில் இருந்தது. மூளையில் மட்டும்தான், ஒரு வரி எழுதவில்லை. சொந்த நேரத்தில் யோசித்தது, என்னுடையது என்றார் அவர். சொல், எழுதிக் கொடு என்றது கம்பெனி. மறுத்தார். 1997-ல் வேலை போனது. மறு வருடம் கம்பெனியையே அல்காடெல் வாங்கியது. வழக்கு மட்டும் நிற்கவில்லை. 2002-ல் கீழ் நீதிமன்றமும் 2004-ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் கம்பெனி பக்கம் தீர்ப்புச் சொன்னன. யோசனையையும் கொடுக்க வேண்டும், எதிர்த்தரப்பு வக்கீல் செலவுக்கு 3 லட்சம் டாலருக்கு மேலும் கொடுக்க வேண்டும் என்று ஆகிவிட்டது. எக்கர்ட்டும் மாக்லியும் வேலையை விட்டதும் கைவீசிக்கொண்டு நடந்தார்கள். இவரால் முடியவில்லை, ஏனென்றால் பத்து வருடம் முன்பே இவருடைய மறுப்பை கம்பெனி வாங்கி வைத்திருந்தது.

சேர்ந்து ஒரு மாதம் கழித்து காகிதத்தை நீட்டினால்? வயோமிங் மாநில உச்ச நீதிமன்றம் 2012-ல் இதற்குப் பதில் சொன்னது. ஒரு எண்ணெய்க் கம்பெனி ஊழியரின் வழக்கு அது. சம்பளத்தைக் கூட்ட வேண்டியதில்லை, தனியாக எதுவும் கொடுக்க வேண்டியதில்லை, வேலையில் தொடர்ந்து வைத்திருப்பதே போதுமான பிரதிபலன் என்றது நீதிமன்றம். அதாவது போடாவிட்டால் போய்விடு என்பதே ஒரு விலையாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படும். பெல் ஆய்வகம் ஒரு டாலராவது கொடுத்தது.

இதை எல்லாம் படித்துவிட்டு, சம்பளம் கொடுப்பவனுக்குத்தானே கண்டுபிடிப்பு சொந்தம், இதில் என்ன அநியாயம் என்று கேட்பவர்கள் இருப்பார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2011-ல் ஸ்டான்ஃபோர்டுக்கும் ரோஷ் கம்பெனிக்கும் நடந்த வழக்கில், 1790 முதல் கண்டுபிடிப்பின் உரிமை கண்டுபிடித்தவருக்கே என்பதுதான் அடிப்படை என்று திரும்பச் சொன்னது. அந்த வழக்கின் கதை சுவையானது. எச்ஐவி கிருமியை அளக்கும் முறையில் ஈடுபட்ட ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர் ஒருவர், உரிமையை எழுதித் தர ஒப்புக்கொள்கிறேன் என்று பல்கலைக்கழகத்துக்குக் கையெழுத்துப் போட்டிருந்தார். பிசிஆர் தொழில்நுட்பம் கற்றுக்கொள்ள செட்டஸ் என்ற கம்பெனிக்குப் போனார். உள்ளே நுழைய அவர்கள் நீட்டிய படிவத்தில், இதன் மூலம் எழுதித் தருகிறேன் என்று இருந்தது. அதிலும் போட்டார். வருங்காலத்தில் தருகிறேன் என்பது வெறும் வாக்கு, இப்போதே தருகிறேன் என்பது கிரயம், ஸ்டான்ஃபோர்டு தோற்றது. அந்த ஆண்டே கலிபோர்னியா பல்கலைக்கழகம் தன் ஊழியர்களுக்கெல்லாம் திருத்திய படிவத்தை அனுப்பி மறுபடி கையெழுத்துக் கேட்டது. அதாவது கண்டுபிடித்தவருக்கே உரிமை என்று சட்டம் சொல்வதால்தான், அந்த உரிமையைக் கழற்றி வாங்க இவ்வளவு காகிதம்.

அந்தக் காகிதத்துக்குச் சில இடங்களில் வேலி போட்டிருக்கிறார்கள். மினசோட்டா மாநிலம் 1977-லும் கலிபோர்னியாவும் வாஷிங்டனும் 1979-லும் சட்டம் கொண்டுவந்தன: ஊழியர் தன் சொந்த நேரத்தில், கம்பெனியின் கருவியோ ரகசியமோ தொடாமல், கம்பெனித் தொழிலுக்குச் சம்பந்தமில்லாமல் கண்டுபிடித்ததை எந்த ஒப்பந்தமும் எடுத்துக்கொள்ள முடியாது. ஜெர்மனி 1957-லேயே வேறு பாதையில் போனது. கம்பெனி எடுத்துக்கொள்ளட்டும், ஆனால் எடுத்துக்கொண்டதற்கு ஊழியருக்கு நியாயமான பணம் கொடுத்தே ஆக வேண்டும் என்று தனிச் சட்டமே போட்டது. பிரிட்டனில் இதற்கு ஒரு நீண்ட உதாரணம் உண்டு. யூனிலீவரில் வேலை பார்த்த இயன் ஷாங்க்ஸ் 1982-ல் வீட்டில் உட்கார்ந்து, மகளின் பொம்மை மைக்ரோஸ்கோப்பின் கண்ணாடித் தகடுகளைப் புல்டாக் கிளிப்புகளால் இணைத்து, ரத்தச் சர்க்கரையை அளக்கும் கருவியின் முதல் மாதிரியைச் செய்தார். உரிமை கம்பெனிக்குப் போனது. கோடிக்கணக்கில் வருமானமும் போனது. 2019 அக்டோபரில் பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றம் அவருக்கு 20 லட்சம் பவுண்டு கொடுக்கச் சொன்னது. 37 வருடம் ஆனாலும் கிடைத்தது. காகிதத்தை மீறி அல்ல, சட்டத்தில் அதற்கு ஓர் இடம் இருந்ததால்.

மூர் கல்லூரிக் கட்டடம் இன்றும் பிலடெல்பியாவில் இருக்கிறது. எனியாக்கின் சில அலமாரிகளை அங்கே காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். அதே பல்கலைக்கழகத்தில்தான் காட்டலின் கரிகோவும் ட்ரூ வைஸ்மனும் எம்ஆர்என்ஏ தடுப்பூசிக்கு அடித்தளமான ஆராய்ச்சியைச் செய்தார்கள். நிதி கிடைக்கவில்லை என்று கரிகோவை 1995-ல் பதவி இறக்கிய பல்கலைக்கழகமும் அதுவே. 2005-ல் வெளியான கட்டுரை, பிறகு காப்புரிமை, பிறகு கொரோனா, 2023-ல் நோபல் பரிசு. காப்புரிமை யாரிடம்? பல்கலைக்கழகத்திடம். 2024 டிசம்பரில் உரிமத்தொகைத் தகராறு ஒன்றைத் தீர்க்க பயோஎன்டெக் கம்பெனி பென்சில்வேனியா பல்கலைக்கழகத்துக்கு 46.7 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. கண்டுபிடித்தவர்களுக்கு விதிப்படி ஒரு பங்கு உண்டு, அதையும் சொல்ல வேண்டும். 1946-ல் அதே பல்கலைக்கழகம் கையெழுத்துக் கேட்டு, கிடைக்காமல், ஆட்களையும் இழந்து, கணினியிலிருந்து ஒரு காசும் பார்க்கவில்லை. பாடம் கற்றுக்கொண்டது என்றுதான் சொல்ல வேண்டும். கற்ற பாடம் ஆட்களை மதிப்பது அல்ல என்பதற்குக் கரிகோவின் பதவி இறக்கம் சாட்சி. காகிதத்தை முதலிலேயே வாங்கிவிட வேண்டும் என்பதே பாடம்.

இனி நம் ஊருக்கு வருவோம். தரமணியிலும் சோழிங்கநல்லூரிலும் சிறுசேரியிலும் திங்கட்கிழமை காலையில் சேரும் பிள்ளைகளிடம் இன்று யாரும் காகிதத்தை நீட்டுவதில்லை. லிங்க் வரும். ஆஃபர் லெட்டர் ஒரு பக்கம், அதன் பின்னால் பத்து இணைப்புகள், அதில் ஒன்று ரகசியம் காத்தலும் கண்டுபிடிப்பு ஒப்படைப்பும் பற்றியது. கீழே போய் ஓடிபி போட்டால் கையெழுத்து. பல இடங்களில் முழு ஒப்பந்தம் கண்ணில் படுவதே பழைய கம்பெனியில் நோட்டீஸ் பீரியட் முடித்து, ரிலீவிங் லெட்டர் வாங்கி, திரும்பிப் போக இடமில்லாத நிலையில்தான். அந்த நிலையில் ஒருவன் நான் போட மாட்டேன் என்றால் அவனை யாரும் வேலையை விட்டு நீக்க மாட்டார்கள். சிஸ்டத்தில் ஜாயினிங் முடிவடையாது, அவ்வளவுதான். ஐடி கார்டு வராது. பெண்டர் எழுதியதைப் போல ஒரு கடிதம்கூட அவனுக்குக் கிடைக்காது.

அந்த ஒப்பந்தங்களை நிதானமாகப் படித்தால் மூன்று விஷயம் பளிச்சென்று தெரியும். வேலை நேரம், விடுமுறை நேரம் என்ற பேதமில்லாமல் பணிக்காலத்தில் தோன்றிய எல்லாமே கம்பெனிக்கு என்று பலவற்றில் இருக்கும். விலகிய பிறகும் சில மாதம் வரை தோன்றுவதைச் சேர்த்துக்கொள்பவையும் உண்டு. மூன்றாவதுதான் எனக்குப் பெரியது. பிற்காலத்தில் காப்புரிமைப் பத்திரங்களில் ஊழியர் கையெழுத்துப் போட முடியாமலோ போடாமலோ இருந்தால், அவர் சார்பில் கம்பெனியே போட்டுக்கொள்ளலாம் என்று அதிகாரம் கொடுக்கும் ஷரத்து. திரும்பப் பெற முடியாத அதிகாரம். எக்கர்ட்டின் மறுப்புக்கு இதுதான் முதலாளிகள் கண்ட முடிவான பதில். நீ நாளைக்கு மாட்டேன் என்று சொன்னால் உனக்காக நாங்கள் சரி என்று சொல்லிக்கொள்கிறோம் என்று உன்னிடமே இன்று எழுதி வாங்குவது. வக்கீல் மூளைக்கு ஒரு சபாஷ் போடத்தான் வேண்டும்.

இந்தியச் சட்டம் இதில் யார் பக்கம்? மென்பொருளுக்குப் பதிப்புரிமைச் சட்டம் 1957 பொருந்தும். வேலையின் பகுதியாக எழுதிய நிரல், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதலாளிக்கே சொந்தம் என்று அதன் 17-ஆம் பிரிவு சொல்கிறது. வேலைக்கு அப்பாற்பட்டு எழுதியதை அது முதலாளிக்குக் கொடுக்கவில்லை. காப்புரிமைச் சட்டம் 1970 ஊழியரின் கண்டுபிடிப்பு யாருக்கு என்று ஒரு பிரிவில்கூடப் பேசவில்லை. மௌனம் இருக்கும் இடத்தில் காகிதம் பேசும். கலிபோர்னியாவில் இருக்கும் ஊழியருக்கு அந்த மாநிலச் சட்டம் தரும் வேலி, அதே கம்பெனியில், அதே டீமில், அதே நிரலை எழுதும் சென்னை ஊழியருக்குக் கிடையாது. விலகிய பிறகு போட்டிக் கம்பெனியில் சேரக் கூடாது என்ற ஷரத்தைத் தொழில் செய்யும் உரிமைக்குத் தடை என்று 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு செல்லாததாக்குகிறது. நூற்றைம்பது வருடத்துக்கு முன்பே ஊழியரின் கால்களுக்கு யோசித்த சட்டம் அவர் தலைக்கு யோசிக்க இன்னும் ஆரம்பிக்கவில்லை. ஊழியர் சொந்த நேரத்தில், சொந்தக் கணினியில், வேறு துறையில் செய்ததை ஒப்பந்தம் தொடக் கூடாது என்று ஒரே ஒரு பிரிவு சேர்த்தால் போதும். ஐடி ஊழியர் சங்கங்கள் வேலைநீக்கத்துக்குக் குரல் கொடுக்கும் அளவுக்கு இதற்கும் கொடுக்க வேண்டும்.

சட்டம் வரும்வரை செய்யக்கூடியது ஒன்று உண்டு. இப்படிப்பட்ட ஒப்பந்தங்களின் கடைசியில் பெரும்பாலும் ஒரு பின்னிணைப்பு இருக்கும். வேலையில் சேருவதற்கு முன்பே நீங்கள் உருவாக்கியவற்றின் பட்டியல் கேட்கும் பக்கம் அது. நம் பிள்ளைகள் அதில் இல்லை என்று எழுதிவிட்டு, அல்லது ஒன்றுமே எழுதாமல், அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறார்கள். வெற்றாக விட்டால் உங்களிடம் எதுவும் இருக்கவில்லை என்று நீங்களே ஒப்புக்கொண்டதாகத்தான் படிப்பார்கள். கல்லூரியில் எழுதிய ஆப், பாதியில் நிற்கும் கேம், கிட்ஹப்பில் கிடக்கும் நிரல், நண்பனோடு சேர்ந்து யோசித்த தொழில்: ரகசியத்தைக் கொட்ட வேண்டாம், தலைப்பும் தேதியும் போதும். வார இறுதியில் செய்வதற்கு விலக்கு உண்டா என்று எச்.ஆருக்கு மின்னஞ்சலில் கேளுங்கள், பேச்சில் கேட்காதீர்கள். வரும் பதிலை ஆபீஸ் மெயிலில் மட்டும் வைக்காமல், அதற்குக் கம்பெனி விதி இடம் கொடுத்தால், சொந்தக் கணக்கிலும் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். ஓடிபி போடுவது அதற்குப் பிறகு இருக்கட்டும்.